விட்டுப் படித்த பத்தி

புதுச்சேரியின் சாரம் பகுதியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பதினைந்து பேர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கீழே டீக்கடை வைத்திருந்தவர் எங்களை ஏதோ தியானக் கூட்டம் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. புதுச்சேரியில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு தியான மையத்தில்தான் விழ வேண்டும். ஒரு நாள் டீயை மேலே கொண்டுவந்தவர், கண் மூடிய கூட்டத்தின் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் மட்டும் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். டம்ளர்களை வாசலிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு மென்பொருள். போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும் தமிழ் எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும். பார்வையில்லாதவர்களுக்காகச் செய்தது. கண்ணை மூடுவது எங்கள் கூட்டத்தின் சட்டம். யார் எந்தத் திருத்தம் எழுதிக்கொண்டு வந்தாலும் சரி, மானிட்டரை அணைத்துவிட்டு, எல்லாரும் கண்ணை மூடி, காதால் கேட்டுப் பார்த்த பிறகுதான் அதைச் சேர்ப்போம்.

இந்தச் சட்டத்தைப் போட்டவள் முத்தியால்பேட்டைப் பெண். அம்மாவோடு இருந்தாள். நாலு வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போயிருந்தது. ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் போன் எடுத்துப் பேசும் வேலை. முதல் முறை கூட்டத்துக்கு வந்தபோது, நாங்கள் பெருமையாகப் போட்டுக் காட்டியதை ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்கல்லாம் ஸ்கிரீனப் பாத்துக்கினே கேக்கறீங்க. அதான் நல்லா இருக்கறாப்ல தெரியுது. கண்ண மூடிக்கினு கேளுங்க, ஒரு எழவும் புரியாது" என்றாள்.

மூடிக்கொண்டு கேட்டோம். ஒரு எழவும் புரியவில்லை. அன்றைக்கே அவளைக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டோம். சேர்த்துக்கொண்டோம் என்பதுகூடச் சரியில்லை, அதற்கப்புறம் அவள்தான் எங்களை மேய்த்தாள். எந்தச் சொல்லை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கான சொற்களுக்கு அவள் ஒரு பட்டியல் எழுதினாள். அந்தப் பட்டியல் இல்லாமல் எங்கள் மென்பொருள் வெறும் உளறல்.

எதற்காக இவ்வளவு பாடுபடுகிறாய் என்று ஒரு முறை கேட்டேன். அவள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"எனக்கு வேலைக்கு ஆர்டர் வந்துச்சில்ல அண்ணே, அத அடுத்த வீட்டு ஆளுதான் படிச்சாரு. படிச்சிட்டு நேரா தெருவுல போய் சொல்லிட்டாரு. சம்பளம் எவ்ளோன்னு எதுத்த வூட்டுக்காரங்க என்ன கேக்கறாங்க, எனக்குத் தெரியல. என் லெட்டர்ல இன்னா இருக்குதுன்னு எனக்குத்தான் கடைசியா தெரியும். அது போதும்ணே. இனிமே ஒருத்தர் முன்னாடியும் பேப்பர நீட்டிக்கினு நிக்கக் கூடாது."

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். தன் காகிதத்தைத் தானே படிக்க வேண்டும்.

கட்டற்ற மென்பொருள் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். எழுதியதை யாரும் பார்க்கலாம், எடுக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஒரே நிபந்தனை, வாங்கியவர் அதைப் பூட்டி வைக்கக் கூடாது. அவரும் அதே மாதிரி திறந்து கொடுக்க வேண்டும். யார் எந்த வரியை எழுதினாரோ அந்த வரியின் உரிமை அவருடையது. அதனால் நிபந்தனையை மாற்ற வேண்டுமென்றால் எழுதிய அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. பதினைந்து பேர். பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் புத்தி கெட்டுப் போக மாட்டோம் என்பதுதான் எங்கள் தைரியம்.

கூட்டத்தைத் தொடங்கியவன் என் நண்பன். அவன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. வீட்டில் அத்தனை பேருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. அக்கா தம்பியெல்லாம் எப்போதோ பிரான்சுக்குப் போய்விட்டார்கள். இவன் மட்டும் அந்தப் பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, முத்தியால்பேட்டையில் உட்கார்ந்து ஊருக்கு இலவசமாக மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தான். பைத்தியக்காரன் என்று அவன் காதுபடவே சொல்வார்கள். எங்களுக்கு அவன் மேல் இருந்த மரியாதைக்குக் காரணமே அந்தப் பைத்தியக்காரத்தனம்தான்.

நான் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். கூட்டத்தில் என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் இருந்தார்கள். ஆனால் குரல் என்று வந்தபோது என்னைத்தான் பிடித்தார்கள். மென்பொருள் பேச வேண்டுமென்றால் ஒரு மனிதக் குரல் ஆயிரக்கணக்கான வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். எனக்குத் தொண்டையும் நன்றாக இருந்தது, ஞாயிற்றுக்கிழமையில் வேறு வேலையும் இல்லை.

நண்பன் வீட்டு உள்ளறையில் ஜன்னல்களுக்கு மெத்தையைச் சாத்திவைத்து மூன்று மாதம் படித்தேன். மின்விசிறி போடக் கூடாது, சத்தம் பதிவாகிவிடும். வேர்த்து ஊற்றும். தெருவில் காய்கறி வண்டி போனால் நிறுத்த வேண்டும், கோயில் ஸ்பீக்கர் கத்தினால் நிறுத்த வேண்டும். பக்கத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள். வாக்கியங்கள் அவளுக்கு மனப்பாடம். நான் ஒரு எழுத்தை விழுங்கினாலும் விரலால் மேசையைத் தட்டுவாள். மறுபடி முதலிலிருந்து. மூன்று மாதத்தில் ஒரு வரியைக்கூட நான் தாண்டிப் போகவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மென்பொருள் முதல் முறையாக ஒழுங்காக ஓடியபோது அவள் தன் போனில் வந்திருந்த ஒரு செய்தியைப் படிக்கவிட்டாள். என் குரலில் அது படித்தது. அவள் இன்னொரு செய்தி, இன்னொன்று என்று போய்க்கொண்டே இருந்தாள். அந்த அறையில் எங்களை மறந்துவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் அவளுக்கு வந்த கடிதம், வங்கிக் குறுஞ்செய்தி, காலைப் பேப்பர், அலுவலகச் சுற்றறிக்கை எல்லாவற்றையும் படித்துச் சொன்னது என் குரல்தான். அலுவலகத்திலும் அவளைப் போனிலிருந்து கடிதப் போக்குவரத்துக்கு மாற்றினார்கள். வருகிற கடிதத்தைக் கேட்டு, பதில் தட்டச்சு செய்து அனுப்புவாள். சனிக்கிழமைகளில் அவள் வீட்டில் ஏழெட்டுப் பார்வையற்ற பெண்கள் கூடுவார்கள். அவர்கள் போனிலெல்லாம் மென்பொருளைப் போட்டுக் கொடுத்துப் பழக்குவாள். அவர்களில் ஒருத்தி என்னை முதல் முறை சந்தித்து நான் வாயைத் திறந்ததும், "அய்யோ, என் போன் பேசுது" என்றாள். எல்லாரும் சிரித்தோம். சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

பிறகு அதற்குப் பணம் மணக்க ஆரம்பித்தது. தமிழில் நன்றாகப் பேசும் குரல் ஒன்று சும்மா கிடக்கிறது என்று பெரிய நிறுவனங்கள் கண்டுபிடித்தன. வாடிக்கையாளர் போன் செய்தால் பதில் சொல்ல அவர்களுக்கு ஒரு குரல் வேண்டியிருந்தது. நண்பன் ஒரு கம்பெனி பதிவு செய்தான். மென்பொருள் திறந்தேதான் இருக்கும், அதை அமைத்துக் கொடுக்கும் வேலைக்குத்தான் கட்டணம் என்றான். அதில் தப்பில்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டோம். இன்றைக்கும் அதில் தப்பில்லை என்றுதான் சொல்வேன். முதலீட்டாளர்கள் வந்தார்கள். கடற்கரைப் பக்கம் ஒரு பழைய பிரெஞ்சு வீட்டில் அலுவலகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஆள் குறைந்தது. ஒரு நாள் நண்பன் என்னை அழைத்து, கம்பெனியைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னான்.

"சந்தைக்குப் போறவன்கிட்ட முதல்ல கேக்கறது இதான் மச்சி: இந்தச் சரக்கு யாருது? நான் எல்லாருதும்னா, சிரிக்கறானுங்க. பதினஞ்சு பேரும் உரிமைய கம்பெனிக்கு எழுதிக் குடுத்தாத்தான் அடுத்த வேல நடக்கும்."

"பூட்டிடுவீங்களா?"

"நான் பூட்டுவனா? வளக்கறேன்டா. நாம சம்பளம் இல்லாம எத்தன நாளுக்கு இத இழுக்க முடியும்? நீயே சொல்லு."

சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் அந்த மாதம்தான் என்னையும் சேர்த்துப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். காலையில் எழுந்து குளித்துவிட்டு எங்கே போவதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். "ஊருக்கு சும்மா ஒழச்சது போதும், இனிமேலாவது வூட்டப் பாரு" என்றாள் என் மனைவி. அவள் சொன்னதில் என்ன தவறு? நண்பன் எனக்கு வேலையும் கொடுத்தான், பங்குகளும் தருவதாகச் சொன்னான். பதிலுக்கு நான் செய்ய வேண்டியது பதினைந்து பேரின் கையெழுத்தை வாங்கி வருவது.

"நீ போனாத்தான் போடுவாங்க. உன் குரலக் கேட்டு நம்பாத ஆளு இருக்கறானா?" என்றான்.

பன்னிரண்டு பத்திகள் கொண்ட ஆங்கிலப் பத்திரம். அதை எடுத்துக்கொண்டு வண்டியில் லாஸ்பேட்டை, வில்லியனூர், அரியாங்குப்பம் என்று சுற்றினேன். வெளிநாட்டில் இருந்த இரண்டு பேருக்குக் கூரியரில் அனுப்பினேன். இந்த மனிதர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு அரைப்புள்ளி சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒரு ஞாயிறு முழுக்கச் சண்டை போட்டவர்கள். யார் எழுதியதையும் இன்னொருவர் வரிவரியாகப் படிக்காமல் சேர்க்க விடாதவர்கள். அவர்களில் ஒருவர்கூடப் பத்திரத்தைப் படிக்கவில்லை. லாஸ்பேட்டைக்காரர் என் வண்டி சீட்டின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். "நீ படிச்சிட்டியா? அப்ப சரி" என்றார். கம்ப்யூட்டருக்கு எழுதியதைத்தான் நாங்கள் சந்தேகப்பட்டோம். கூட உட்கார்ந்து எழுதிய ஆளைச் சந்தேகப்படவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியாக அவள்.

ஒரு மாலை முத்தியால்பேட்டையில் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா பஜ்ஜி போட்டுக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் அவள், "ஃபைலா அனுப்புங்கண்ணே. ராவு கேட்டுட்டு காலைல போட்டுர்றேன்" என்றாள். கேட்காத எதிலும் அவள் கையெழுத்துப் போடுவதில்லை. நியாயம்தானே.

"இது இங்கிலீஷும்மா. ஸ்கேன் பண்ண படம். நம்ம சாஃப்ட்வேர் படிக்காது" என்றேன். அது உண்மைதான். பத்திரம் நாளைக்கே மும்பைக்குப் போயாக வேண்டும் என்றும் சொன்னேன். அதுவும் உண்மை. "நான் படிச்சு தமிழ்ல சொல்லிர்றேன்" என்றேன்.

"நீங்க படிச்சா இன்னா, போனு படிச்சா இன்னா. ரெண்டும் ஒண்ணுதான்" என்று சிரித்தாள்.

ஒன்று, இரண்டு என்று ஒவ்வொரு பத்தியாகப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். அவள் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டாள். பட்டியலின் உரிமை கம்பெனிக்குப் போவது அவளுக்குப் பிடிக்கவில்லை. "பழசு அப்படியே இருக்கும்ல? இப்ப எங்ககிட்ட இருக்கறத யாரும் புடுங்க முடியாதுல்ல?" என்று கேட்டாள். முடியாது என்றேன். சட்டப்படி சரியான பதில். ஏற்கெனவே திறந்து கொடுத்ததை யாராலும் திரும்பப் பிடுங்க முடியாது.

எட்டாவது பத்தி முடிந்தது. ஒன்பதாவது பத்தி இப்படி இருந்தது: கையெழுத்திடுபவர் பழைய பதிப்பைப் பழுது பார்க்கவோ, மேம்படுத்தவோ, யாருக்கும் வழங்கவோ மாட்டார், மீறினால் இழப்பீடு கொடுக்க வேண்டும், பங்கு இருந்தால் அதையும் இழப்பார்.

அதை நான் முந்தின இரவே மூன்று முறை படித்திருந்தேன். இதைச் சொன்னால் அவள் போட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைப் பெண்களின் போன்களை அவள் யாருக்காகவும் கைவிட மாட்டாள். அவள் போடாவிட்டால் பட்டியலை முதலிலிருந்து எழுத வேண்டும், ஒரு வருடமாகும், கம்பெனி அந்த வருடம் சந்தைக்குப் போகாது, என் பங்கும் வராது. இத்தனையும் அந்த ஒரு மூச்சில் ஓடியது. "ஒம்பது" என்று சொல்லிவிட்டுப் பத்தாவது பத்தியைப் படித்தேன். பதினொன்றைப் பத்து என்றேன். பன்னிரண்டைப் பதினொன்று என்றேன். குரல் எங்கேயும் தடுக்கவில்லை. தடுக்காமல் படிப்பதற்கு மூன்று மாதம் பயிற்சி கொடுத்தவளே அவள்தான்.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதாம்மா."

கட்டைவிரல் ரேகை வைப்பது அவளுக்கு அவமானம். கையெழுத்துதான் போடுவாள். கோட்டின் மேல் ஸ்கேலை வைத்து அவள் விரலை அதன் மேல் வைத்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். "நேரா வந்திருக்குதா?" என்று கேட்டாள். நேராகத்தான் வந்திருந்தது. நான் இன்னொரு பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

பங்கு சந்தையில் இறங்கிய நாளில் நண்பன் மும்பையில் சந்தை வழக்கப்படி மணி அடித்தான். கடற்கரை ஹோட்டல் ஒன்றில் பெரிய திரை கட்டி எங்களுக்கு அதைக் காட்டினார்கள். அவளைப் பட்டுப்புடவையில் வரச்சொல்லி முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். கம்பெனியின் விளம்பரப் புத்தகத்தில் அவள் படம்தான் முதல் பக்கம். விலை ஏற ஏறக் கைதட்டல். "அண்ணே, எல்லாரும் தட்டறாங்களே, எவ்ளோ ஏறிச்சு?" என்று என் பக்கம் சாய்ந்து கேட்டாள். சொன்னேன். அவளும் தட்டினாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வியாதி பிடித்தது. காலை ஒன்பதேகாலுக்குச் சந்தை திறக்கும். ஒன்பது மணிக்கே போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஆரம்பத்திலேயே பங்கு பெற்றவர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது. விற்க முடியாத ஒன்றின் விலையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படிப்பட்ட மடத்தனம் என்று எனக்கே தெரியும். மாடி எடுக்க மனைவி இடம் அளந்து வைத்திருந்தாள். சாப்பிடும்போதுகூட அதே பேச்சுதான்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கு காட்ட வேண்டும், போன முறையைவிட இந்த முறை கூட இருக்க வேண்டும். நிறுவனங்களுக்கு விற்ற குரல்தான் லாபம் கொடுத்தது. பார்வையற்றவர்களுக்கான பதிப்பு செலவு மட்டுமே வைத்தது. அதை மாதச் சந்தாவுக்கு மாற்றினார்கள். பழைய பதிப்பை இறக்கிக்கொள்ளும் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். "முதல் போட்டவன் கேக்கறான் மச்சி, நான் இன்னா பதில் சொல்றது?" என்றான் நண்பன். பங்கு வைத்திருந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

பழைய பதிப்பு போன்களில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு போன்களுக்கு ஒரு புதுப்பிப்பு வந்தது. அதோடு அது திக்க ஆரம்பித்தது. பாதிச் சொல்லோடு நின்றுவிடும். சனிக்கிழமைப் பெண்கள் வரிசையாக அவளிடம் போனைக் கொண்டுவந்தார்கள். அவள் கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். தானே யாரிடமோ சொல்லிச் சரிசெய்யப் பார்த்தாள், பாதி சரியான ஒரு பிரதியைச் சிலருக்குக் கொடுத்தாள். கம்பெனி வக்கீலிடமிருந்து அவளுக்கு ஒரு கடிதம் போனது. அது போகும் விஷயம் எனக்கு முன்பே தெரியும். நான் தடுக்கவில்லை.

மறுநாள் மதியம் அவள் போன் செய்தாள்.

"ஆபீஸ்ல ஒரு மேடம் லெட்டரப் படிச்சாங்கண்ணே. ஒம்பதாவது பத்தில நான் கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கறன்னு இருக்குது. ஒம்பதாவதுன்னு நீங்க படிச்சது வேற. முகவரி மாறினா தெரிவிக்கணும்னு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

நான், "அது... விட்டுப் போச்சும்மா. கவனிக்கல" என்றேன்.

பின்னால் யாரோ தட்டச்சு செய்வது கேட்டது.

"மூணு மாசம் உங்க பக்கத்துல உக்காந்திருந்தவ நானு. உங்களுக்கு விட்டுப் போவாது" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு, "சரி, நடந்தது நடந்துபோச்சு. திக்கறத மட்டும் சரி பண்ணிக் குடுங்க. நாலு பொண்ணுங்க வேலைக்குப் போயி வருதுங்க. எனக்கும் லெட்டர் வேல போயிரும் போல. யார்கிட்டயும் நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

பார்க்கிறேன் என்று சொன்னேன்.

பார்க்கவும் செய்தேன். ஒரு ஞாயிறு பழைய கோப்புகளைத் திறந்தேன். இரண்டே இடத்தில் திருத்தம். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. பழக்கதோஷத்தில் மானிட்டரை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டேன். என் குரல் ஒரு இடத்திலும் திக்காமல் படித்தது. அதை அவளுக்கு அனுப்புவதற்கு ஒரு நிமிடம் போதும். பங்குகளை விற்பதற்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது. விற்ற பிறகு கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நாற்பது நாளில் அவளைக் கடித வேலையிலிருந்து எடுத்து மறுபடி போனில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் பங்குகளை விற்றேன். நல்ல விலை. அப்புறம் இழப்பீட்டு நிபந்தனை கண்ணில் பட்டது, கட்டப்போகிற மாடி கண்ணில் பட்டது. அந்தத் திருத்தம் இன்றைக்கும் என் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது.

நான் கெட்டவன் இல்லை என்று சொல்ல எனக்கு நிறையக் காரணங்கள் தெரியும். எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்திருக்கிறேன். சந்தையின் மேல் பழி போடலாம், நண்பன் மேல் போடலாம். அவன் தன் பங்குகளையெல்லாம் விற்றுவிட்டுப் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் இங்கே இல்லாததால் பழி போட வசதியும்கூட. ஆனால் அந்த வீட்டில் அன்றைக்குப் பத்திரம் என் கையில்தான் இருந்தது. சந்தை வந்து அதைப் படிக்கவில்லை.

கம்பெனி அவளுக்கு மட்டும் ஆயுள் முழுக்க இலவசச் சந்தா தர முன்வந்தது. படம் போட்ட தோஷம். என்னைவிட்டுத்தான் சொல்லச் சொன்னார்கள். போனில் சொன்னேன். "எனக்கு வேணாம். மத்தவங்களுக்குக் குடுங்க" என்றாள். அப்புறம் எங்கிருந்தோ கிடைத்த ஒரு வெளிநாட்டு இலவசக் குரலைப் போனில் போட்டுக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அது தமிழைக் கடித்துத் துப்புமாம். பாதிக் கடிதம் அதற்குப் புரியாதாம்.

போன மாதம் புது மாடிக்கு வரி போடச்சொல்லி நகராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். நடைவழியில் கூட்டம். ஒரு தூணுக்குப் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். முன்னைவிட இளைத்திருந்தாள். கையில் ஒரு காகிதம். போகிறவர்கள் வருகிறவர்கள் பக்கம் அதை நீட்டி, "யாராவது இத கொஞ்சம் படிச்சுக் காட்டறீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் நிற்கவில்லை. எல்லாருக்கும் அவசரம்.

நான் திரும்பிப் போயிருக்கலாம். கால் அவளிடம் போனது. காகிதத்தை வாங்கினேன். வீட்டு வரி பெயர் மாற்றம், அவள் அம்மா தவறிப்போனதால் இவள் பெயருக்கு மாற்றக் கேட்ட விண்ணப்பத்துக்கு வந்த பதில். அம்மா போனதே எனக்குத் தெரியாது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "விண்ணப்பதாரர்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் முகம் மாறவில்லை. கையை மட்டும் நீட்டினாள். "குடுங்க" என்றாள்.

"நான் படிக்கறேம்மா."

"குடுங்க."

கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வாசல் பக்கம் போனாள். அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வயதான காவலாளியிடம் கேட்டாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். ஒரு வரிக்கு இரண்டு இடத்தில் தடுக்கினார். நடுவில் டோக்கன் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்தைத் தேடினார். போவோர் வருவோர் காதில் எல்லாம் விழுந்தது. அவள் தலையைச் சாய்த்து அத்தனையையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

படித்து முடித்ததும், "எல்லாம் படிச்சிட்டீங்களாய்யா? நடுவுல ஒண்ணும் விடலயே?" என்று கேட்டாள்.

"நான் எதுக்கும்மா விடப் போறேன்?" என்றார் அவர்.